என் கை ஆடாது

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஏழு மணிக்கே பெஞ்ச் நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை வந்தால் வைட்ஃபீல்ட் முழுவதும் வெறும் வயிற்றோடு எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்குத்தான் வரும் போலிருக்கிறது.

பத்து மாதக் குழந்தை ஒன்று. பியாட்ரிஸ் அக்கா இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது கழுத்து இரண்டு தடவை இடது பக்கம் வெட்டி இழுத்தது, 'ஹுக்' என்று சத்தமும் வந்தது. குழந்தையின் அப்பா ஒரு அடி பின்னால் போனார். நான் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். "எனக்கு டூரெட் இருக்கு சார். கழுத்து ஆடும், சத்தம் வரும். கை ஆடாது."

நரம்பைத் தேடி விரலை வைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். பதினொரு வருடமாக இந்த வேலையில் ஒரு நாள்கூட மாறியதில்லை. கவனம் முழுக்க ஒரு இடத்தில் குவிந்தால் சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஒரே குத்து. டியூப் நிரம்பிய பிறகுதான் குழந்தை அழவே ஆரம்பித்தது.

பிப்ரவரி 5, புதன்

மெட்ரோவில் இன்றும் என் பக்கத்து சீட் காலி. அவ்வளவு கூட்டத்தில் எனக்கு மட்டும் பை வைக்க இடம். நன்றி, பெங்களூரு.

பிப்ரவரி 11, செவ்வாய்

எங்கள் மேனேஜர் அருண்குமார் கேபினுக்குக் கூப்பிட்டு போனைக் காட்டினார். பதினொரு விநாடி வீடியோ. பெஞ்சில் காத்திருந்த யாரோ ஒரு பெண் என்னை எடுத்திருக்கிறாள். ஒருவர் போய் அடுத்தவர் வந்து உட்காரும் இடைவெளியில். மேலே இங்கிலீஷில் எழுதியிருந்தாள் — இந்த லேபில் போதையில் இருக்கிற பெண் ரத்தம் எடுக்கிறாள், குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று. ஒரு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தொடங்கி இருபது குரூப்புக்குப் போய்விட்டதாம்.

அவர் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நான் என்னை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது அடக்கிக்கொள்வேன். போட்டோ எடுத்தால் அடக்கிக்கொள்வேன். இன்றுதான் முதல் முறை. கழுத்து வெடுக்கென்று திரும்புகிறது, ஒரு சத்தம், கண் நாலைந்து தடவை இறுக மூடுகிறது, பிறகு கையுறை மாட்டுகிறேன். அவ்வளவுதான்.

இவ்வளவுதானா? இதற்காகவா முப்பத்தாறு வயது வரைக்கும் இப்படி ஒளிந்துகொண்டிருந்தேன்?

பிப்ரவரி 12, புதன்

பின் அறைக்கு மாற்றிவிட்டார்கள். டியூபுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, மெஷினில் சுற்றவிட்டு, தட்டில் அடுக்கும் வேலை. ஜன்னல் கிடையாது. "டெம்பரரி தான் யசோதரா, இந்த விஷயம் ஆறுற வரைக்கும்" என்றார்.

வீடியோ எடுத்த அந்தப் பெண் ரத்தம் கொடுத்தது பியாட்ரிஸ் அக்காவிடம். நான் அவளைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடியோ நாங்கள் இருக்கும் மர்ஃபி டவுனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எதிர் வீட்டுப் பையன் அம்மாவின் போனுக்கே அனுப்பியிருக்கிறான். அம்மா இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்து இன்று சாப்பிடும்போது சொன்னாள். சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வேலை நேரத்துலயாச்சும் கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா யசோ?"

அடக்கிக்கொள்வது. அம்மாவுக்கு இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்? தும்மல் வரும்போது மூக்கைப் பிடிப்பது மாதிரி. பிடிக்கலாம். ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கலாம். அப்புறம் பாத்ரூமில் கதவைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அத்தனையும் மொத்தமாக வரும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இருந்தேன். இன்டர்வெல் மணி அடித்ததும் எல்லோரும் விளையாட ஓடுவார்கள், நான் கழிவறைக்கு ஓடுவேன்.

ஒன்பது வயதில் ஆரம்பித்தது. டீச்சர் கொழுப்பு என்றாள். யாரோ காற்றுக் கருப்பு என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் அம்மா அழுதால் அவர் எதற்கும் சரி என்பார். எனக்கு இருபத்தேழு வயதானபோதுதான் ஒரு டாக்டர் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொன்னார். பெயர் இருக்கிறது என்றால் வேறு யாருக்கோகூட இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தேன். அம்மா இன்றுவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'உன் பழக்கம்' என்பாள்.

பிப்ரவரி 24, திங்கள்

அருண்குமார் ஒரு பேப்பர் நீட்டினார். என் பெயரில் அவரே டைப் செய்த கடிதம். 'எனது உடல்நிலை காரணமாக, எனது சொந்த விருப்பத்தின் பேரில், என்னை நிரந்தரமாகப் பின் அறைப் பணிக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். சம்பளம் குறையாது, அலைச்சல் இல்லை, யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் நல்லதுக்குத்தான் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அதுதான் எரிச்சல்.

"சொந்த விருப்பம்னு இருக்கு சார். அது யாரோட விருப்பம்?"

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மடித்து எடுத்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 26, புதன்

இன்றும் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

அம்மா அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். போட்டுக் கொடுத்துவிடு என்கிறாள். சம்பளம் அதேதானே, வேலை அதே லேபில்தானே. கார்மென்ட்ஸில் இருபத்திரண்டு வருடம் அவள் எத்தனை பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம், என்ன குறைந்துவிட்டதாம்.

கத்திவிட்டேன். கத்தும்போது கழுத்தும் சேர்ந்து வெட்டியது, வார்த்தை துண்டு துண்டாகத்தான் வந்தது. ஏம்மா, நான் இன்னா திருடினேனா? யாரையாச்சும் கொன்னுட்டேனா? எதுக்கு நான் ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காரணும்? எனக்கு நல்லா வர்றது ஒரே ஒரு வேலை. அதையும் யாரும் பாக்காத எடத்துல வச்சு பூட்டணுமா?

"பாக்காம இருந்தா உனக்கு நிம்மதின்னுதான்டி சொல்றேன்" என்றாள் அம்மா.

"எனக்கு நிம்மதியா, உனக்கா?"

அம்மா எழுந்து போய்விட்டாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பொய்யும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

பின் அறையில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. வீணாய்ப்போன சாம்பிள்களை அதில் எழுத வேண்டும். ஊசி சரியாகப் போகாமல் ரத்த அணுக்கள் உடைந்துபோனது, அளவு குறைந்தது, திரும்பக் கூப்பிட்டுக் குத்த வேண்டி வந்தது, எல்லாம். பக்கத்தில் ரத்தம் எடுத்தவர் பெயர். இப்போது அதை எழுதுவது என் வேலை.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். போன வருடம் முழுக்க என் பெயர் நான்கு முறை. நான்கு! மூன்றாவது தடவையும் எண்ணிப் பார்த்தேன்.

என்னை எந்த அறையில் கொண்டு வந்து பூட்டியிருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

அருண்குமாரிடம் என் கணக்கை மட்டும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். நான்கு என்பது அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும், மற்றவர்களோடு ஒப்பிட்டால்தானே என்றார். மற்றவர்கள் பெயரைக் காட்ட எனக்கு மனசில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முட்டாள்தனமா? இருக்கட்டும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மதியம் டப்பா திறந்தபோது பியாட்ரிஸ் அக்கா விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். தன் கணக்கு எவ்வளவு என்றாள். முழுங்கினேன். விடவில்லை. பத்தொன்பது என்றேன்.

டப்பாவை மூடி வைத்தாள். அப்புறம் சொன்னாள். "எழுது. பியாட்ரிஸ், பத்தொன்பதுன்னு எழுது. பதினெட்டு வருஷமா குத்துறேன், என்னை எவனும் தூக்க மாட்டான். நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கட்டும்."

அங்கேயே எழுதினேன். நடுவில் ஒரு 'ஹுக்' வந்தது. அவள் கவனிக்கவே இல்லை. எத்தனை வருடமாக அவள் கவனிப்பதில்லை என்பதை நான்தான் இன்று கவனித்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஹெட் ஆபீஸிலிருந்து வீணா மேடம், கம்ப்யூட்டர் திரையில். பணியாளர் விஷயங்களைப் பார்ப்பவர். நன்றாகச் சிரித்தார். 'உங்கள் ஃபிட்ஸ் பற்றி' என்று ஆரம்பித்தார். ஃபிட்ஸ் இல்லை மேடம், டூரெட் என்றேன். 'சரி, உங்கள் பிரச்சினை' என்றார். பிரச்சினை எனக்கு இல்லை, வீடியோ எடுத்தவருக்கு என்றேன். அருண்குமார் மேஜைக்குக் கீழே என் காலை மிதிக்காத குறை.

கணக்கைக் காட்டினேன். நான்கு, பத்தொன்பது. வீணா மேடம் குறித்துக்கொண்டார். நரம்பியல் டாக்டரிடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

உட்கார்ந்திருந்த நாற்பது நிமிஷமும் நான் அடக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. பார்க்கட்டும். பேசுவது என்னைப் பற்றித்தானே.

மார்ச் 24, திங்கள்

அரசு ஆஸ்பத்திரியில் காலை ஏழிலிருந்து வரிசை. பன்னிரண்டரைக்கு டாக்டர். என் ஃபைலைப் பார்த்துவிட்டு, 'அறிகுறிகள் கட்டுப்பாட்டில் உள்ளன' என்று எழுதித் தரட்டுமா, அப்படி எழுதினால் ஆபீஸில் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள் என்றார். பாவம், உதவி செய்யத்தான் நினைத்தார்.

வேண்டாம் என்றேன். கட்டுப்பாட்டில் இல்லை டாக்டர். நாளைக்கு நான் ஒரு சத்தம் போட்டால் அந்தப் பேப்பரைக் காட்டியே வெளியே அனுப்புவார்கள். உள்ளதை எழுதுங்கள். கழுத்து ஆடும், சத்தம் வரும், அது யாருக்கும் தொற்றாது, ரத்தம் எடுக்கும்போது கைக்கு ஒன்றும் ஆகாது.

அவர் பேனாவை வைத்துவிட்டு என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று லேப் வாசலில் புது போஸ்டர். நீல பலூன்கள். 'ஒவ்வொரு மூளையும் வேறு, ஒவ்வொன்றும் அழகு' என்று மூன்று மொழியில். ஹெட் ஆபீஸிலிருந்து வந்ததாம், ஆட்டிசம் விழிப்புணர்வு நாளுக்காக இந்த வாரம் எல்லாக் கிளையிலும் மாட்ட வேண்டுமாம். மாட்டுவதற்கு ஸ்டூல் பிடிக்க என்னைத்தான் பின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

பிடித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

முடிவு வந்துவிட்டது. நான் திரும்ப முன்னால் உட்காரலாம். ஆனால் என் நாற்காலியைச் சுற்றி ஒரு ஸ்கிரீன். உள்ளே வருபவருக்கு மட்டும் நான் தெரிவேன், பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 'இரண்டு பக்கத்துக்கும் நல்லது' என்றார் அருண்குமார். ஸ்கிரீன் வாங்கியே வைத்துவிட்டார்கள். பச்சைத் துணி, சக்கரம் வைத்தது.

பியாட்ரிஸ் அக்காவுக்கு ஸ்கிரீன் உண்டா என்று கேட்டேன். இல்லை.

"அப்போ எனக்கும் வேணாம் சார்."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதற்காகப் பிடிவாதம் பிடிக்காதீர்கள் என்றார். அவரை வாசலுக்குக் கூட்டிப் போய் போஸ்டரைக் காட்டினேன். "இதைக் கழட்டிடுங்க, நான் ஸ்கிரீனுக்குள்ள உக்கார்றேன். இல்லனா ஸ்கிரீனை எடுங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது." பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்து ஒரு மூன்று நான்கு தடவை ஆடியது. ஆடட்டும்.

வேலை போனாலும் போகும். பயம் இல்லை என்று இங்கே எழுதினால் அது பொய். ஆனால் போனால் இப்படிப் போகட்டும். சொந்த விருப்பத்தின் பேரில்.

ஏப்ரல் 5, சனி

ஸ்கிரீனைப் பற்றி இன்னும் எந்த முடிவும் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் போனால் பச்சை ஸ்கிரீன் ஸ்டோர் ரூமில் நிற்கிறது. அருண்குமார் என்னைப் பார்க்காமல், "மூணாவது சேர்" என்றார். என் பழைய இடம். ஹெட் ஆபீஸோடு என்ன பேசினார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேசியிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது.

கோட்டில் ஒரு அட்டை குத்திக்கொண்டேன். கன்னடம், தமிழ், இங்கிலீஷ். 'எனக்கு டூரெட். கழுத்து ஆடும், சத்தம் வரும். கை ஆடாது. வேறொருவர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பரவாயில்லை.' கன்னடத்தில் ஒரு எழுத்துப் பிழையாம். முதலில் வந்த கிழவரே திருத்திவிட்டுத்தான் கையை நீட்டினார்.

ஆறு பேர் வேறொருவர் வேண்டும் என்றார்கள். ஆறு பேரும் அக்காவிடம் போனார்கள். போகட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

தெருவெல்லாம் நீலக் கொடி. லீவு. அம்மா துணி மடிக்கும்போது கோட்டில் இருந்த அட்டையைப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இதையா ஊரெல்லாம் பார்க்கக் குத்திக்கொண்டு போகிறாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். பின் குத்திக் குத்திக் கோட்டுத் துணி கிழிந்துவிடும் என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒருத்தர், டை கட்டியவர், அட்டையைப் படித்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார் — இப்படி இருக்கிறவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதானே? பொது இடத்தில் ஏன்?

முன்பெல்லாம் என்ன சொல்வது என்று இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றும். இன்று உடனே வந்தது. "நான் வீட்ல இருந்தா உங்களுக்கு யார் சார் ஒரே குத்துல எடுப்பாங்க?" அவர் அக்கா வரிசைக்குப் போனார். அக்கா மூன்று முறை குத்தினாளாம். வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டேன். "சே, இல்லடி. அவருக்கு நரம்பே இல்ல" என்றாள்.

மே 3, சனி

இந்த வாரத்தில் வேண்டாம் என்றவர்கள் இரண்டே பேர். ஒரு அம்மா தன் பையனின் கையை நீட்டிக்கொண்டே, தன் தம்பிக்கும் இப்படித்தான், தாங்கள் அவனை வெளியே விடுவதே இல்லை என்றாள். ஏன் விடுவதில்லை என்று கேட்டேன். டியூபுக்கு ஸ்டிக்கர் ஒட்டும்வரை நின்று என் அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

மே 12, திங்கள்

புத்த பூர்ணிமா. லீவு போட்டிருந்தேன், துணி துவைக்கலாம் என்று. அம்மா காலையிலேயே குளித்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்து, "விஹாரத்துக்குப் போறேன். நீயும் வா" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம்.

பதினொரு வயது வரை ஞாயிறு தோறும் அப்பா எங்களைக் கூட்டிப் போவார். இருபது நிமிஷம் எல்லோரும் மௌனமாக உட்கார வேண்டும். எனக்கு அது எப்படி முடியும்? யாரும் என்னைத் திட்டியதில்லை. அப்பாவிடம்தான் வந்து மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் அப்பா தனியாகப் போனார். அம்மா முட்டி வலி என்று என்னோடு வீட்டிலேயே இருந்துகொண்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. என்ன முட்டி வலி? அதை நான் யோசித்ததே இல்லை, இன்று அவளோடு தெருவில் வேகவேகமாக நடக்கிறவரை.

நாற்பது பேர் இருப்பார்கள். சுவரோரமாக உட்காரப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நடுவில் இழுத்து உட்கார வைத்தாள். மணி அடித்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

ஐந்து நிமிஷம் பிடித்தேன். தோள் நடுங்க ஆரம்பித்தது. பிறகு, எதற்கு? யாருக்காக? விட்டுவிட்டேன். அந்த அமைதியில் என் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. முன்னால் இருந்த பெண் திரும்பினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார். உடம்பு சரியில்லை என்றால் வெளியே காற்றாட உட்காரச் சொல்லுங்களேன் என்று அந்தப் பெண் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

அம்மா மெதுவாகப் பேசவில்லை. கார்மென்ட்ஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எம் பொண்ணுக்கு டூரட்டு. சத்தம் வரும், வந்துக்கிட்டே இருக்கும். இங்கதான் உக்காருவா. நீங்க கண்ண மூடுங்க."

அந்தப் பெண் திரும்பிக்கொண்டாள். அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. மிச்ச நேரம் முழுக்க, கழுத்து திரும்பின நேரம் போக, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.